புலிக்குள் ஒளிந்த நரி

முன்னொரு காலத்தில் கொன்றைபுரி என்றொரு நாடு. அதை வெற்றிவேங்கை என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் மனசு ஆடிக்காற்று மாதிரி. காலையில் கட்டியணைத்தவனை மத்தியானம் கழுவேற்றச் சொல்லுவான்.

அந்த ஊரில் தேர்ச்சீலைகளுக்கு எழுத்து எழுதுகிறவள் தில்லையாள். சும்மா எழுதமாட்டாள், எழுத்தோடு விளையாடுவாள். 'மயில்' என்று எழுதினால் அது தோகை விரிக்கும், 'பாம்பு' என்று எழுதினால் நெளியும். விஷயம் அரசன் காதுக்கு எட்டியது. அவளைச் சபைக்கு வரவழைத்தான்.

"என் பெயரை எழுது பார்ப்போம்!" என்றான்.

எழுதினாள். 'வெ'யின் கொம்பு சுருண்டு வாலாயிற்று. றகரங்களின் இறங்குகோடுகள் கால்களாயின. கடைசியில் வந்த 'கை'யின் இரண்டு சுழிகளும் இரண்டு கண்களாகி உறுத்துப் பார்த்தன. பெயரே வேங்கைப் புலியாக நின்றது! அரசன் கைதட்டிச் சிரித்தான்.

சபையில் ஒருவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர் அரண்மனைத் தலைமை ஓவியர் வச்சிரபாகு. இருபது வருஷமாக அரசனை வரைந்தும் ஒரு கைதட்டல் வாங்காதவர்.

"மன்னா, சிரிக்காதீர்கள். புலியின் வயிற்றுக் கோடுகளை உற்றுப் பாருங்கள். இது 'ந', இது 'ரி'. புலித்தோல் போர்த்திய நரி என்று உங்களை ஏசியிருக்கிறாள்!"

அரசன் பார்த்தான். சொன்னபிறகு பார்த்தால் எதுதான் தெரியாது? அவன் முகம் சிவந்தது.

"எழுதிய கையை வெட்டுங்கள்!"

"சத்தியமாக அவை வெறும் வரிகள்தான், மகாராஜா!" என்று தில்லையாள் கதறினாள். காவலர்கள் அவள் வலக்கையை இழுத்து மரக்கட்டையில் வைத்தார்கள். கொலைவாளன் கத்தியைத் தீட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

அமைச்சர் திருமேனியார் மெல்ல எழுந்தார். "மன்னா, கை போனால் முளைக்காது. இன்னொரு சித்திரம் எழுதச் சொல்வோம். அதிலும் வசை இருந்தால் வெட்டலாம். வச்சிரபாகு, உம்மால் கண்டுபிடிக்க முடியுமா?"

"எவ்வளவு ஆழத்தில் ஒளித்தாலும் கண்டுபிடிப்பேன்!"

அமைச்சர் அரசன் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அரசன் முறைத்தான். பிறகு தில்லையாளை முன்னே நடக்கவிட்டு, பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இரண்டு நாழிகை கழித்துக் கதவு திறந்தது. அரசன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். தில்லையாளைக் கட்டை அருகே நிறுத்தினார்கள். காவலன் ஒரு சீலையை விரித்தான். கறுப்பு மையில் வளைவும் சுழியுமாக ஒரே கிறுக்கல்.

வச்சிரபாகு இப்படிச் சாய்ந்து பார்த்தார், அப்படிச் சாய்ந்து பார்த்தார். துள்ளிக் குதித்தார்.

"இதோ! 'கோழை' என்று எழுதியிருக்கிறது! 'கோ' மேலே, 'ழை' கீழே!"

"நன்றாகப் பாரும். ஒருவர் கை போகிற காரியம்" என்றார் அமைச்சர்.

"எழுதப் படிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும்! அரியணைமேல் ஆணை!"

"அப்படியானால் இதை வரைந்த கையை என்ன செய்யலாம்?"

"இந்தக் கணமே வெட்ட வேண்டும்!"

கொலைவாளன் கத்தியை ஓங்கினான். தில்லையாள் கண்களை இறுக மூடினாள்.

"நில்!" அரசன் எழுந்து சால்வையை உதறினான். அவன் வலக்கை முழங்கைவரைக்கும் ஒரே மை!

"வரைந்தவன் நான். வா வச்சிரபாகு, என் கையை வெட்டு!"

வச்சிரபாகு அப்படியே தரையில் விழுந்தார்.

அமைச்சர் சொன்னார்: "நான் காதில் சொன்னது இவ்வளவுதான்: 'நீங்களே வரையுங்கள், அவர் என்ன படிக்கிறார் பார்ப்போம்.' மன்னா, கோட்டில் எழுத்தில்லை. பார்க்கிறவர் நெஞ்சில் இருப்பதுதான் கோட்டில் தெரிகிறது."

அரசன் தில்லையாள் பக்கம் திரும்பினான். அவன் குரல் இறங்கியிருந்தது. "உள்ளே எனக்குத் தூரிகை பிடிக்கவே வரவில்லை. 'இறுக்காதீர்கள் மகாராஜா, அது ஓடட்டும்' என்றாய். வெட்டப்போகிறவனுக்கே சொல்லிக்கொடுத்தாய். அம்மா, தப்பு என்னுடையது. இந்தச் சபையின் வடக்குச் சுவர் முழுக்க உன்னுடையது. இஷ்டம்போல் விளையாடு."

"இவருக்கு என்ன தண்டனை, மன்னா?" என்று கொலைவாளன் கேட்டான்.

"அவர் கையை ஒன்றும் செய்யவேண்டாம், மகாராஜா. நன்றாக வரைகிற கை" என்றாள் தில்லையாள்.

அரசன் யோசித்துச் சிரித்தான். "சரி. வச்சிரபாகு, இவள் எழுதும் ஒவ்வொன்றிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்து, தினமும் சபையில் உரக்கச் சொல்லவேண்டும். அதுவே தண்டனை."

மறுநாள் சுவரில் ஒரு யானை எழுந்து நின்றது. வச்சிரபாகு காலையிலிருந்து உச்சிவேளைவரை அதன்முன் நின்றார். வியர்த்தது. தொண்டையைக் கனைத்தார். சபையே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

கடைசியில் சொன்னார்:

"மை... நன்றாகக் காய்ந்திருக்கிறது."