பூமாலை ஜவுளி மாளிகையின் தீபாவளி லீவு

கோவில்பட்டியில் பூமாலை ஜவுளி மாளிகை என்று ஒரு கடை. அதில் மூன்று பேருக்கு வேலை. வேட்டிப் பக்கம் தவசிக்கனி, சேலைப் பக்கம் உலகம்மை, ரெடிமேட் பக்கம் குழந்தைவேல். மூவரும் முதலாளி சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். கடைக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது முதலாளி வைரவ அண்ணாச்சி மூவரையும் கூப்பிட்டார்.

"காலையில எட்டு மணிக்குத் தொறந்தா ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அடைப்பு. லீவுன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

குழந்தைவேல் வாயைத் திறக்காமலே 'லீவு' என்று சொல்லிப் பழகிப் பார்த்தான். 'ம்ம்வு' என்றுதான் வந்தது.

உலகம்மைக்கு நாலு வயதில் ஒரு மகள். அது எழும்புமுன் இவள் கிளம்புவாள். தூங்கினபின் வீடு திரும்புவாள். பத்தாம் நாள், "எம்மவ முழிச்சிருந்தா எப்படி இருப்பான்னே மறந்துபோச்சுண்ணே" என்று கண் கலங்கினாள்.

தவசிக்கனி வெகுநேரம் யோசித்தார். "கண்ணு தொறந்திருக்கும்" என்றார்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் அண்ணாச்சி சரக்கெடுக்க ஈரோட்டுக்குப் புறப்பட்டார். "கடைக்குள்ள யாரும் உக்காரக் கூடாது. வந்த ஆள வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

"யாரும்னா யாருண்ணே?" என்றான் குழந்தைவேல்.

"யாரும்னா எல்லாரும்தான்" என்றார் தவசிக்கனி.

உடனே ஸ்டூல் எல்லாம் மாடிக்குப் போயின. கல்யாணப் பட்டு எடுக்கப் பதினோரு பேர் வந்தார்கள். மூட்டுவலிக்காரப் பெரியம்மா ஒருத்தி முடியாமல் தரையில் உட்காரப் போனாள். உலகம்மை பாய்ந்துபோய் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து நிறுத்தினாள். வந்தவர்கள் கோபித்துக்கொண்டு ஒன்றும் எடுக்காமல் கிளம்பினார்கள்.

வாசலில் குழந்தைவேல் மறித்தான். "எல்லாரும் கையக் காட்டுங்க!"

அத்தனையும் வெறுங்கை. மூவருக்கும் பகீர் என்றது.

"ஆளுக்கு ஒரு வேட்டி குடுத்து அனுப்புவமா?" என்றாள் உலகம்மை.

"அப்ப இன்னொரு கை வெறுங்கைதானே?" என்றார் தவசிக்கனி.

ஞாயமாகத்தான் பட்டது. இருபத்திரண்டு வேட்டிகள் வெளியேறின. சேதி பஜார் முழுக்கப் பரவியது. பையோடு வந்தவர்கள்கூடப் பையை எதிர்க்கடையில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் அண்ணாச்சி திரும்பினார். அலமாரிகள் காலி. மூன்று பேரும் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரையும் வெறுங்கையோட விடல அண்ணாச்சி" என்று தவசிக்கனி திடுக்கிட்டு விழித்துச் சொன்னார்.

அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. உட்காரப் போனார். மூவரும் ஓடிவந்து பிடித்து நிமிர்த்தினார்கள்.

"நாளைக்கு லீவு!" என்று அலறினார் அவர். "கடைப்பக்கம் உங்கள்ல ஒருத்தரும் தலைகாட்டக் கூடாது!"

தெருமுனையில் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"நாளைக்கு எம்மவ முழிச்சிருக்கறதப் பாக்கலாம்" என்றாள் உலகம்மை.

"பாக்கலாம் தாயி. ஆனா நம்மள்ல யாராவது மறதியா கடைக்கு வந்துட்டா?" என்றார் தவசிக்கனி.

"அதானே!" என்றான் குழந்தைவேல். "வீட்டுல இருந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

"காவலுக்கு நிக்க வேண்டியதுதான்" என்றார் தவசிக்கனி. "தலையத்தான காட்டக் கூடாதுன்னாரு?"

தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அண்ணாச்சி கோயிலுக்குப் போகிற வழியில் கடையை எட்டிப் பார்த்தார். பூட்டிய கதவு முன்னால் மூன்று உருவங்கள் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு விறைப்பாக நின்றன.

"யாருலே அது?" என்று கத்தினார்.

துண்டுக்குள்ளிருந்து தவசிக்கனியின் குரல் பணிவாக வந்தது.

"சொல்ல மாட்டோம் அண்ணாச்சி. சொன்னா நாங்க வந்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும்."