மூன்று குரல்களுக்கு முக்கால் கிலோ கோப்பி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் பிந்தித்தான் வரும். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் மதிக்காத ஒரு சின்னத் தீவில் இரண்டே பேர் கோப்பிக்கொட்டை வறுத்து விற்றார்கள். மேற்குக் கரையில் நேசராசா, கிழக்கே இறங்குதுறையடியில் பிலோமினா. கொட்டை வெடிக்கும் சத்தத்துக்குக் காது கொடுத்து இறக்கும் பதம் அந்த இருவருக்குத்தான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் கோயில் பெருநாளில், ஊர் பார்க்க, அவளுடைய கோப்பியை வாயில் வைத்துவிட்டு, "இது கோப்பியில்லை, கரி" என்று நேசராசா சொல்லிவிட்டான். அதோடு பேச்சு நின்றது. பிறகு கீழ்க்காற்றில் வரும் வாசம்தான் அவனுக்கு அவளைப் பற்றிய செய்தி. வாசம் வருடா வருடம் நன்றாகிக்கொண்டே வந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள் அவள் கதவில் தாள் ஒட்டினாள்: வாங்க ஆளில்லை, மாதக் கடைசியில் கடை பூட்டு. அன்று நேசராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் அவன் வறுப்பதன் அருமை தெரிந்த ஒரு மூக்கும் அந்தத் தீவில் மிஞ்சாது.

எந்தக் குரலும் அவன் தொண்டையில் ஏறும். அக்கரைக்குப் போய் மூன்று சிம் வாங்கி வந்தான்.

"பிள்ளை, நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்" என்று போனில் இருமினான். "கால் கிலோ வேணும். எப்ப வறுத்தது?"

"நேற்று, சேர்."

"அப்ப நாலு நாள் வைச்சுக் குடிக்கிறன்."

மறுநாள் கனடாவிலிருந்து வந்து நிற்கும் அக்கா: "அரைக்காதேங்கோ தங்கச்சி, கொட்டையாவே தாங்கோ. எப்ப வறுத்தனீங்கள்?" அடுத்த நாள் அவசரக்கார என்ஜினியர்: "கெதியா அனுப்புங்கோ மிஸ். எப்ப வறுத்தது?"

பொட்டலங்கள் காலைப் படகில் அக்கரை போய், படகோட்டி சில்வேஸ்டரின் தயவில் மாலைப் படகில் திரும்பி நேசராசாவிடமே வந்தன. ஒரு மைல் தூரத்துக் கோப்பி இரண்டு தரம் கடல் கடந்தது. பொறுங்கள், அந்தச் சிரிப்பு இதில்லை. அவன் மூன்று கோப்பைகளில் ஊற்றி, மூன்றையும் தனியே இருந்து குடித்தான். கதவிலிருந்த தாள் இறங்கியது.

இப்படியே போய், பத்தாவது மாதம் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றன. மூன்று குரல்களும் வழமைபோலப் பேசின. மறுநாள் நேசராசா படலையைத் திறந்தால், மூன்று பொட்டலமும் அவன் மதில்மேல்.

சில்வேஸ்டர் வாய் திறக்கவில்லை. குரலில் துளிப் பிசகில்லை. அப்படியென்றால், வாசிக்கிறவரே, பிலோமினா ஆளைப் பிடித்தது எதை வைத்து?

விடை: குரல் மூன்று, கேள்வி ஒன்று. குடிக்கிறவர்கள் விலை கேட்பார்கள், கசக்குமா என்று கேட்பார்கள். வறுத்த நாளைக் கேட்டு, நாலு நாள் ஆறவிடுகிறவன் தானும் வறுக்கிறவன். நேசராசா முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில் அழைத்தான்.

"நான் கதைக்கிறன்."

"ஆர், அதிபரோ? கனடா அக்காவோ?"

இது நேற்றுப் பிடித்ததில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "எப்ப பிடிச்சனீங்கள்?"

"முதல் கிழமையே. சொன்னால், கதைக்க இருந்த மூண்டு பேரும் இல்லாமல் போயிடுவினமெண்டு விட்டன்."

"அண்டைக்கு நான் கரியெண்டு சொன்னது..."

"அண்டைக்கு அது கரிதான்" என்றாள். சொல்லி முடிக்குமுன் வந்துவிட்டது, ஆறு வருடத்துக்கு மேல் அவள் அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பு.