உண்ணிப்புதருக்குள் போன பந்து

தோற்றார்கள். கோல்ஃப் ஆட்டத்தின் கடைசிக் குழியில், உண்ணிப்புதருக்குள் பந்தைத் தொலைத்துத் தோற்றார்கள்.

மறுநாள் காலையிலேயே தாணுமாலயன் குருவின் வாசலில் புகாரோடு நின்றார்.

"டீச்சர், நீங்க சொன்னதுல ஒண்ணு விடாம செஞ்சேன். மனசு கிணத்துத் தண்ணி மாதிரி கிடந்துது. ஒரு அலை கிடையாது. ஆனாலும் தோத்தோம்."

"அப்படியா" என்றார் வடிவு டீச்சர்.

பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். வடிவு டீச்சருக்குத் தாணுவின் மகள் வயது. ஒரு காலத்தில் ரைஃபிள் சுடுவதில் பேர்போன கை. தோளில் அடிபட்டது. துப்பாக்கியை வைத்துவிட்டு மலைக்கு வந்துவிட்டார். கை பதறுகிறவர்கள் தேடிவருவார்கள். பரீட்சைப் பிள்ளைகள், மேடைப் பாடகர்கள், புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள். பதறாமலிருக்கச் சொல்லித்தருவார். கோல்ஃப் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

சிஷ்யர் பாலம் கட்டிய என்ஜினியர். நாகர்கோவில்காரர். ஓய்வு பெற்ற பிறகு மலையேறியவர். வெள்ளத்தில் தூண் இறக்கும்போது நடுங்காத கை, எலுமிச்சம்பழ அளவுப் பந்துக்கு முன்னால் நடுங்கியது. நாலு பேர் பார்த்தால் இன்னும் நடுங்கியது. அதனால்தான் வந்து சேர்ந்தார்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்.

அடிக்குமுன் கண்ணை மூடு. மூச்சை மெள்ள விடு. போகவேண்டிய வழியை மனசுக்குள் ஒருதரம் பார். கட்டைவிரலை மோதிரவிரலில் அழுத்து. அடி. அடித்தபின் திரும்பிக்கொள். விட்டதை விட்டுவிடு.

கடைசி வித்தை தாணுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாதகம் செய்தார். மனைவி கேட்டதற்கு எரிந்துவிழுந்துவிட்டு, திரும்பிக்கொண்டு, மூச்சுவிட்டு, மறந்தும் பார்த்தார். வேலை செய்தது. அவருக்கு.

"சண்டை யாரோட?" என்று கேட்டார் டீச்சர்.

"சண்டை இல்ல டீச்சர். சிநேக ஆட்டம். பழனிக்கார அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வருஷாவருஷம் வருவாங்க. நானும் சவரியும் ஜோடி."

சவரி என்பது சவரிமுத்து. ஏரிக்கு மேலே பேக்கரி வைத்திருப்பவர். கனத்த உடம்பு. மேடு ஏறினால் இரைக்கும். தாணு மலைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இவர், இவருக்கு அவர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோடிக்கு ஒரே பந்து. இவர் ஓர் அடி, அவர் ஓர் அடி. மாற்றி மாற்றி அடித்துக் குழியில் போட வேண்டும். எந்த ஜோடிக்குக் குறைந்த அடியோ, குழி அவர்களுக்கு. முடிவில் தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு டீ ஆற்றித் தரவேண்டும். அது அந்த மைதானத்து வழக்கம். போதும்.

"சொல்லுங்க ஐயா" என்றார் டீச்சர்.

தாணு சொன்னார். பெருமையோடுதான் சொன்னார். ஆட்டம் சரிக்குச் சரியாக வந்து கடைசிக் குழியில் நின்றதாம். அந்தக் குழிக்கு முதல் அடி எப்போதும் இவருடையது. கண்ணை மூடினாராம். மூச்சு விட்டாராம். விரல் அழுத்தினாராம். அடித்தாராம். பந்து வலது பக்கம் வளைந்து உண்ணிப்புதரைப் பார்த்துப் போனதாம்.

"பழைய தாணுவா இருந்தா மட்டையைத் தரையில போட்டு உடைச்சிருப்பேன். இந்தத் தாணு திரும்பிக்கிட்டான். வானத்தைப் பாத்தான். சிரிச்சான். அண்ணன்காரரே அசந்துபோயி, இவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னாரு."

டீச்சர் ஒரு பீன்ஸை உரித்தார். கொட்டையைப் பாத்திரத்தில் போடவில்லை. தோளுக்குப் பின்னால் எறிந்தார்.

தாணு பார்த்தார். மரியாதைக்குப் பார்க்காதமாதிரி இருந்தார்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன. சவரிதான் புதருக்குள் போனார். நெடுநேரம் தேடினார். உள்ளே இருந்துகொண்டு, எங்கேப்பா விழுந்தது, பாறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கத்தினார். தாணு வெளியே நின்று மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போனதை நினைக்காதேயும் ஓய்ன்னேன்."

டீச்சர் இன்னும் ரெண்டு கொட்டையைப் பின்னால் எறிந்தார். ஒன்று சுவரில் பட்டு உருண்டு அலமாரிக்கு அடியில் போனது.

தாணுவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். முழங்கால் சடக்கென்றது. தரையில் கிடந்ததைப் பொறுக்கினார். அலமாரிக்கு அடியில் போனதற்காகக் கன்னம் தரையில் படக் குனிந்து கைவிட்டுத் துழாவினார். ஒட்டடைதான் கையில் வந்தது.

"எங்க டீச்சர் விழுந்துது? இடது பக்கமா, வலது பக்கமா?"

"நான் பாக்கலை ஐயா. போட்டதை விட்டுட்டேன்."

தாணு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. பாலம் கட்டிய மனிதரை யாரும் அலமாரிக்கு அடியில் துழாவவிட்டதில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பீன்ஸ் உரிக்கிறேன்."

"கேலியா?"

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"சவரி ஐயா புதரை விட்டு வெளிய வந்து என்ன சொன்னாரு?"

தாணுவின் பெருமையெல்லாம் அதுவரைதான் இருந்தது.

"இனிமே வேற ஆளைப் பாத்துக்கோன்னாரு."

"அந்தப் பந்து?"

"கிடைக்கல. தேடுற நேரம் முடிஞ்சுபோச்சு. குழி அவங்களுக்கு. டீ நாங்க ஆத்தினோம். சவரி ஆத்தும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"போய்ப் பந்தை எடுத்துட்டு வாங்க."

"டீச்சர், ஒரு பந்துதானே. வீட்டுல டப்பா டப்பாவா இருக்கு."

டீச்சர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தாணு திட்டிக்கொண்டேதான் மைதானத்துக்குப் போனார். பனி விலகவில்லை. ஆள் இல்லை. ஒற்றைக் காட்டுமாடு மட்டும் தூரத்தில் மேய்ந்தது.

புதருக்குள் நுழைந்தார். உண்ணிமுள் சட்டையைப் பிடித்தது. கையை வைத்து விலக்கினார். கையைக் கிழித்தது. உள்ளே போகப் போகப் புதர் இடுப்பு மட்டத்துக்குத் தாழ்ந்தது. குனிய வேண்டியதாயிற்று. அப்புறம் மண்டியிட வேண்டியதாயிற்று.

அங்கே ஈரமண்ணில் ஏற்கெனவே ஒருவர் மண்டியிட்ட தடம் இருந்தது. அகலமான முழங்கால்கள். அதற்கு அப்பால் இன்னொரு தடம். பாறையின் இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மறுபடியும் இந்தப் பக்கம்.

தாணு ஒவ்வொரு தடத்திலும் தன் முழங்காலை வைத்துப் பார்த்தார்.

பந்து கிடைக்கவில்லை. ஒரு பட்டன் கிடைத்தது. பழுப்பு நிற ஸ்வெட்டர் பட்டன். முள்ளில் நூலோடு தொங்கியது.

நேரே பேக்கரிக்குப் போனார்.

சவரி ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னங்கை இரண்டிலும் கீறல். தலை நிமிரவில்லை.

"என்ன வேணும்? பன்னா, வர்க்கியா?" என்றார். தெரியாதவரிடம் கேட்பதுபோல.

தாணு பட்டனைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

சவரி பட்டனைப் பார்த்தார். தாணுவின் கையைப் பார்த்தார். அதிலும் கீறல். சட்டையில் கிழிசல். வேட்டியில் முழங்காலளவு மண்.

ஒரு வர்க்கியை எடுத்துக் காகிதத்தில் வைத்துத் தள்ளினார்.

"பழனிக்காரங்க இன்னும் ஊர்லதான் இருக்காங்க" என்றார் தாணு. "நேத்தே சொன்னாங்க, இன்னொரு டீக்குத் தயாராம். கூப்பிட்டா வருவாங்க."

"நீ திரும்பிக்கிட்டு நிப்பே. நான் முள்ளுக்குள்ள கிடப்பேன். அதானே?"

தாணு வர்க்கியைக் கடித்தார்.

சவரி இன்னொரு தட்டை அடுக்கினார். இன்னொன்றையும் அடுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். ஒரே ஒரு ஆட்டம். அதோட சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பழனி அண்ணன்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஆற்றுவதற்கு வசதியாகப் பெரிய டம்ளராகக் கொண்டுவரச் சொல்லட்டுமா, என்ஜினியர் இன்றைக்கும் சாமியாடுவாரா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். சவரி வாய் திறக்கவில்லை. தாணுவும் திறக்கவில்லை. ஆட்டம் முன்னே போனது, பின்னே வந்தது. கடைசிக் குழிக்கு வரும்போது மறுபடியும் சரிக்குச் சரி.

கிட்டத்துக் குழிதான். நன்றாக அடித்தால் ஒரே அடியில் மழித்த புல்லில் ஏறிவிடும். அங்கிருந்து குழிக்குள் உருட்டவேண்டியதுதான். தம்பிக்காரர் அடித்தார். ஏறிவிட்டது.

அடுத்து தாணு.

கண்ணை மூடினார். மூச்சை விட்டார். விரலை அழுத்தினார். டீச்சர் சொன்ன எதையும் விடவில்லை. அடித்தார்.

பந்து வலது பக்கம் வளைந்தது.

"போச்சு" என்றார் அண்ணன்காரர் மனநிறைவோடு.

தாணுவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பழக்கம். விடவில்லை. கண்ணைப் பந்தின் மேலேயே வைத்திருந்தார். பந்து பாறையில் பட்டது. தெறித்தது. ஒரு கிளையை உலுக்கியது. இலை ஒன்று ஆடி நின்றது.

அந்த இலையைப் பார்த்தபடியே நடந்தார்.

கீழே பார்க்கவில்லை. தண்ணீர் தேங்கின பள்ளத்தில் கால் போனது. காட்டுமாட்டுச் சாணத்தில் போனது. பின்னால் தம்பிக்காரர் சிரிப்பது கேட்டது. கையை நேரே நீட்டிக்கொண்டு, இமைக்காமல் நடந்தார். பேய் பிடித்தவன் நடக்கிற மாதிரி. பக்கத்தில் இரைப்புச் சத்தம் கேட்டது. சவரி.

"இங்க" என்றார் தாணு.

இலையை விலக்காமல் குனிந்து பார்த்தார்கள். காட்டுமாட்டுக் குளம்புத் தடத்துக்குள் பந்து உட்கார்ந்திருந்தது. தேடிப்போனால் ஆயுசுக்கும் கிடைக்காத இடம்.

சவரி புதருக்குள் நுழைந்தார். தாணுவும் கூடவே நுழைந்தார்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு அந்தாண்டை நில்லு."

தாணு முள்ளுக்குள் முதுகைக் கொடுத்து நின்றார். சவரி காலைப் பரப்பினார். முதுகை வளைத்தார். மட்டையை ஓங்க இடமில்லை. பாதி ஓங்கினார். கண்ணை மூடவில்லை. மூச்சை விடவில்லை, அது தானாகவே புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. விரல் எங்கே இருந்ததோ.

வெட்டினார்.

மண்ணும் இலையும் பந்தும் சேர்ந்து கிளம்பின. மண் விழுந்தது. இலை விழுந்தது. பந்து மட்டும் போனது. புல்லில் இறங்கி, உருண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அண்ணன்காரர் தன் முறைக்கு உருட்டினார். கை பதறியது. பந்து குழியைத் தாண்டிப் போனது. தம்பிக்காரர் திரும்ப உருட்டினார். குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. மிச்சம் இருந்தது தாணுவின் ஒரு சாண். அடிக்காமலே உள்ளே போனதாக விட்டுக்கொடுக்கலாம். சிநேக ஆட்டத்தில் அதுதான் மரியாதை. அண்ணன்காரர் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதையும் அடிச்சே காட்டுங்க, என்ஜினியர்."

சவரி தாணுவின் காதோரம் வந்தார்.

"வேணும்னா இப்ப மூச்சை இழுத்துக்கப்பா" என்றார்.

தாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டினார். பந்து உள்ளே விழுந்தது.

அன்றைக்கு அண்ணன்காரர்தான் டீ ஆற்றினார். ஒரு முழம் தூக்கி ஆற்றினார். சவரி அதை ஊதி ஊதிக் குடித்தார். அடுத்த வருஷம் மழை எப்படியிருக்கும், மட்டைக்குப் புதுப் பிடி போடணும் என்று தாணுவிடம் பேசிக்கொண்டே குடித்தார்.

மறுநாள் காலை தாணு குருவின் வாசலில் நின்றார். கையில் ஒரு பழைய பந்து. சேறு காயவில்லை.

இந்தத் தடவை டீச்சர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டு வந்தீங்களா?"

"அந்தப் பந்து இல்ல டீச்சர். இது வேற. ஆனா அதே புதர்."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். சேற்றைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"மனசு எப்படி இருந்தது?"

தாணு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கவனிக்கல."

டீச்சர் பட்டாணியை ஒதுக்கிவைத்தார்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."

"பந்து எங்க போச்சு?"

"புதருக்குள்ள. நான்தான் அடிச்சேன்."

"அங்கிருந்து எப்படி வெளிய வந்துச்சு?"

தாணுமாலயன் நிமிர்ந்து நின்றார். தன் பாலத்தின் மேல் முதல் ரயில் போன அன்றுகூட அப்படி நிமிர்ந்ததில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"சவரிமுத்து."