கதவருகே நின்ற ரயில்

பொன்மலையில் வீட்டுக்குள் குட்டி மின்சார ரயில் ஓட்டி மகிழ்கிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஜெசிந்தாதான் குரு. வயது முப்பத்தாறு. தினமும் நிஜத் தண்டவாளத்தோடு நடந்து, கழன்றதைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது அவளுக்கு உத்தியோகம். சீடர்களில் மூத்தவர் வைத்தியலிங்கம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அறுபத்தாறு வயதில் சீடராவதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவர் மனைவி அகிலாண்டம் இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். ரயிலை உன் கட்டிலுக்கே வரவைக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கூடத்துச் சுவரோரமாகக் கட்டில் உயரத்துக்குப் பலகை அடித்து, தண்டவாளம் பதித்து, அவள் அறைக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வரும்படி அமைத்தார். அறை வாசலின் குறுக்கே மட்டும் எடுத்து மாட்டும் பலகை ஒன்று; அதை எடுத்தால்தான் ஆள் உள்ளே போக முடியும்.

ஒரு சனிக்கிழமை குருவிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். எந்த ரயிலை விட்டாலும் வாசல் பலகையில் நின்றுவிடுகிறது. இழுவை போதவில்லை என்று ஒவ்வொன்றாகப் பதினொன்று வாங்கியாயிற்று. பன்னிரண்டாவதாக எதை வாங்கலாம்?

ஜெசிந்தா அவரோடு வீட்டுக்கு வந்தாள்.

வண்டி கூடத்தில் ஜோராக ஓடியது. பலகையில் ஏறியதும் நின்றது. அவர் பழக்கதோஷத்தில் விரலால் தள்ளினார். ஒரு சாண் போய் மறுபடி நின்றது.

உள்ளேயிருந்து அகிலாண்டம் கூப்பிட்டாள். "என்னங்க."

"இரு, வண்டி நின்னுடுச்சு."

ஜெசிந்தா வண்டியை இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்கினாள். அவர் பதறிப்போனார். அடிக்கடி எடுத்தால் தண்டவாளம் கலைந்துவிடும் என்று சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் அதை எடுப்பாராம்.

"மத்த நேரத்துல உள்ள போக மாட்டீங்களா?"

"எதுக்கு? வண்டி வந்ததும் போலாம்னுதான்."

அவள் உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, ரயில் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தாள். அகிலாண்டம் கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "பதினொண்ணு இருக்காம். நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் கதவு வரைக்கும் வரும்."

வெளியே வந்த ஜெசிந்தா தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தாள். கண்ணைப் பறித்தது.

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"விபூதி. அகிலா வெள்ளி விளக்கு தேய்க்கிற மாதிரி. பளிச்னு ஆயிடுச்சு பாருங்க."

அவள் பலகையின் ஓரத்தில், இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறு தகட்டைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினாள். கெட்டித்துப்போன விபூதி ஒரு சிட்டிகை விழுந்தது.

"விளக்குன்னா மேல பளிச்னு இருந்தா போதும் சார். தண்டவாளத்துல கரண்ட் போறது துண்டும் துண்டும் தொடுற இடத்துல."

மற்ற தகடுகளையும் அவரே கழற்றித் துடைத்தார். அரை மணி ஆயிற்று. மறுபடி பொருத்தி, கடைசியில் திறந்த சரக்குப் பெட்டி ஒன்றைக் கோத்து வண்டியை விட்டார். அது பலகையைத் தாண்டி உள்ளே போயிற்று. அறைக்குள் சக்கரச் சத்தம் கேட்டது. அகிலாண்டம் சிரிப்பது கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கூடத்தில் சுவிட்சைப் பிடித்தபடியேதான் நின்றார். நடுவில் ஒரு கணம் சத்தம் அமுங்கி, மறுபடி கேட்டது.

"இப்போ தைரியமா பன்னிரண்டாவதை வாங்கலாம் இல்லையா? எதை வாங்கட்டும், சொல்லுங்க."

ஜெசிந்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி திரும்பி வந்து அவர் முன்னால் நின்றது. சரக்குப் பெட்டியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. அகிலாண்டத்தின் வலி மாத்திரை. பத்துக் குழியும் காலி. எப்போது தீர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நேற்றும் முந்தாநாளும் அவள் கூப்பிட்டதும், தான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தன.

"சரக்கு வந்திருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா. "முதல்ல இறக்குங்க."