வெயிலுமுத்துவைத் தேடிய நாலு பேர்

போலீஸ் கைவிட்ட வழக்கை ஊர் கைவிடக் கூடாது என்பது நெட்டைக்குளம் மாவு மில் பூலித்துரையின் கொள்கை. அவர் கைவிடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் பிடித்த பிடியில் அந்த வழக்கு மூச்சுவிட முடியாமல் கிடந்தது.

வழக்கு இதுதான். ஒரு கோயில் கொடைத் திருவிழாவன்று மத்தியானம், பீடி சுற்றும் உலகம்மாளின் ஒரே மகன் வெயிலுமுத்து, வயது ஏழு, ராட்டினம் சுற்றப் போனான். திரும்பி வரவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. உலகம்மாள் ஊர் ஊராக ஓடி, தொண்டை கட்டுகிற வரை கத்தி, கடைசியில் தன் வாசலில் வந்து உட்கார்ந்தாள். அன்று முதல் அவள் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. அவன் எந்த நேரத்தில் வந்தாலும் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவள் எண்ணம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு எல்லாம் அவனைத் தேடக் குழு அமைத்த பிறகுதான்.

குழுவில் நாலு பேர். தலைவர் பூலித்துரை, தான் அறிவாளி என்பதை அவரே பல தடவை ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்து ரேடியோ ரிப்பேர் தானியேல். பிறகு தபால்காரர் மாசானம். நாலாவது காந்திமதிநாதன். அவருக்கு வேலை வெட்டி கிடையாது. கடைசியாகப் பேசியவர் சொன்னது சரி என்று சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் மாவு மில்லில் கூட்டம். மில் ஓடிக்கொண்டே இருக்கும், கூட்டம் முடியும்போது நாலு பேரும் புட்டு அவிக்கிற பதத்தில் வெளியே வருவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ராட்டினம் நின்ற இடத்தையும் கொடைப் பந்தலையும் பார்த்துவிட்டு, "ஒண்ணையும் கலைக்காதீங்க. தடயம் ஏதாவது கிடைச்சா கை படாம பத்திரமா எடுத்து வைங்க. நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிப் போனார். அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் வரவில்லை. சொல் மட்டும் ஊரில் நின்றுவிட்டது. அந்தப் பந்தலைப் பிரிக்கக் குழு விடவில்லை. கூரை காற்றில் போய், துணி ஆடு தின்று, இன்றைக்கும் நாலு மூங்கில் நிற்கிறது.

முதல் கூட்டத்திலேயே நாலு பேரும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள்: பையன் கிடைக்கிற வரை முகம் மழிப்பதில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை. அந்த நேர்ச்சையை மட்டும் அவர்கள் சுத்தமாகக் காப்பாற்றினார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு துப்பறியும் வேலை தொடங்கியது.

"ராட்டினத்துல அவன் ஏறினதைப் பாத்த ஆளு இருக்கு. இறங்கினதைப் பாத்த ஆளு இருக்கா?" என்று கேட்டார் பூலித்துரை.

"இல்ல."

"அப்ப என்ன அர்த்தம்?"

தானியேல் மெல்ல அண்ணாந்து பார்த்தார். "மேலதான் இருக்கான்."

"ராட்டினத்தைக் கழத்தி லாரில ஏத்திட்டுப் போயிட்டானுவளே அண்ணாச்சி" என்றார் மாசானம்.

"ராட்டினம்தானவே போச்சு? உசரம் போச்சா? உசரம் இங்கனதான இருக்கு."

மூன்று மாசம் முறை வைத்து அந்த இடத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தார்கள். காக்கை, பருந்து, ஒரு பட்டம் வந்தன. எல்லாம் நோட்டில் ஏறின. இனி ஒரு பிள்ளை மேலே போய்விடக் கூடாது என்று ஊருக்குள் ராட்டினமே வரக் கூடாதென்று தடையும் போட்டார்கள்.

இரண்டாவது யோசனை தானியேலுடையது. 'காணவில்லை' நோட்டீசில் அச்சான போட்டோவில் பையன் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் பார்க்கிறவன் இடது பக்கம்தானே போவான்? மறுநாள் காலை நாலு பேரும் மில்லிலிருந்து கிளம்பி, இடது கைப் பக்கம் தெரு வந்தால் திரும்புவது என்று நடந்தார்கள். பத்து நிமிஷத்தில் மில்லுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"பய இந்த வழியாத்தான் போயிருக்கான்" என்றார் பூலித்துரை. மறுபடி சுற்றினார்கள். சாயங்காலம் வரை சுற்றியதில், அவன் மில்லைத் தாண்டிக் குறைந்தது நாற்பது தடவை போயிருக்கிறான் என்று உறுதியாயிற்று. இவ்வளவு தடவை போனவனை ஒரு தடவைகூட நாம் பார்க்கவில்லையே என்று காந்திமதிநாதன் அழுதுவிட்டார்.

நாலாவது மாசம் ஒரு தபால் கார்டு வந்தது. உலகம்மாளுக்கு வந்த கார்டு. மாசானம் அதை உலகம்மாளிடம் கொண்டுபோகாமல் நேரே மில்லுக்குக் கொண்டுவந்தார். தானியேல் ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் இடுக்கியால், கை படாமல், அதை வாங்கினார். கார்டில் கோணல் எழுத்தில் இருந்தது: "அம்மா, நான் ராட்டின லாரியில் ஏறித் தூங்கிட்டேன். இப்போ தாராபுரத்தில் முதலாளி வீட்டில் இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போ. வெயிலுமுத்து." கீழே விலாசம் தெளிவாக இருந்தது.

"கிடைச்சுட்டான்!" என்று குதித்தார் காந்திமதிநாதன்.

"உக்காருமய்யா" என்றார் பூலித்துரை. "கீழ என்ன போட்டிருக்கு?"

"விலாசம்."

"காணாமப் போனவனுக்கு விலாசம் உண்டுமா?"

"கிடையாது."

"விலாசம் இருந்தா அவன் காணாமப் போனவனா?"

"இல்ல."

"அப்ப இவன் யாரு?"

மூவரும் யோசித்தார்கள். "காணாமப் போகாத எவனோ ஒருத்தன்" என்றார் தானியேல்.

"எதுக்கும் உலகம்மாகிட்ட ஒரு வார்த்த..." என்று இழுத்தார் மாசானம்.

"அவ கையில வாங்குவா. நெஞ்சுல வச்சு அழுவா. கை படக்கூடாதுன்னு அதிகாரி சொல்லியிருக்காருல்லா?"

கார்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. ஆனாலும் வந்த கடுதாசிக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று மாசானம் தொழில் தர்மம் பேசினார். அன்று வியாழக்கிழமை. சுற்றிய பீடியைக் கொடுக்க உலகம்மாள் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். பூலித்துரை எழுதினார்: "கார்டு கிடைத்தது. உலகம்மாள் ஊரில் இல்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதில் அவருக்கு இன்று வரை பெருமை.

தாராபுரத்தில் அந்தப் பதிலைப் படித்த ராட்டின முதலாளி, பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தார். தாயும் போய்விட்டாள் போலிருக்கிறது என்று எண்ணி, அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியது. இந்த வருஷம் கோயிலுக்குப் புது நிர்வாகம் வந்தது. இளவட்டங்கள். தடையாவது மண்ணாங்கட்டியாவது என்று ராட்டினத்துக்குச் சொல்லிவிட்டார்கள். கொடைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, குழு கூடியிருந்தது. மீசை வைத்த ஒரு ஆள் கோதுமைப் பையோடு மில்லுக்குள் வந்தான்.

"ஏனுங்க, அஞ்சு கிலோ இருக்குதுங்க. ராட்டினத்து ஆளுங்களுக்குச் சப்பாத்திக்கு. கொஞ்சம் நைசா அரைச்சுக் குடுங்க" என்றவன், சுவரைப் பார்த்தான். அங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பை கையிலிருந்து நழுவியது.

"இது நானுங்க" என்றான். "வெயிலுமுத்து. எங்கம்மா ஊர்ல இல்லைன்னு கார்டு வந்துச்சுங்க, அதான் நான் வரவே இல்லை. அவங்க... அவங்க எங்கனு தெரியுங்களா?"

"ஏன் தெரியாம? வடக்குத் தெருவுலதான் இருக்கா" என்றார் காந்திமதிநாதன்.

வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு வாசலுக்குப் பாய்ந்தான். தானியேல் குறுக்கே நின்றார். பூலித்துரை ஒரு மாவுப் பையின் மேல் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"நோட்டீஸ்ல வயசு என்ன போட்டிருக்கு?"

"ஏழு."

"உமக்கு?"

"இருபத்தொம்பதுங்க."

"முன்பல் இல்லைன்னு போட்டிருக்கு. உமக்கு ரெண்டு பல்லும் முழுசா இருக்கு. நீலக் கால்சட்டைன்னு போட்டிருக்கு. நீரு பேண்ட் போட்டிருக்கீரு. எங்க ஊருப் பய ஏனுங்கன்னு பேசுவானா?"

அவன் பேண்டைச் சுருட்டி இடது முழங்காலைக் காட்டினான். நோட்டீசில் எழுதியிருந்த தழும்பு அங்கே இருந்தது. நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"தழும்பு அவனுதுதான்" என்றார் மாசானம்.

"தழும்பு அவனுதுதான். கால் இவனுது" என்றார் பூலித்துரை. "ஏல, எங்க பிள்ளையோட தழும்பு ஒங்கிட்ட எப்படி வந்துது?"

"அய்யோ சாமி, என்னை விடுங்க. எங்கம்மாவைப் பார்க்கோணும்!"

"பாக்கலாம். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு. வெயிலுமுத்துவை நீ கடைசியா எப்பப் பாத்தே?"

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்குக் காலையிலதாங்க பார்த்தேன்! பஜார் சலூன்ல, கண்ணாடியில பார்த்தேன்! போதுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் சாட்சி. "அட, இத மொதல்லயே சொல்லப்பிடாதா!" என்று பூலித்துரை துள்ளி எழுந்தார். மில் பெல்ட்டை நிறுத்தக்கூட மறந்து நாலு பேரும் பஜாரை நோக்கி ஓடினார்கள். வாசல் காலியாயிற்று. அவன் வடக்குத் தெருவுக்கு ஓடினான்.

அங்கே நடந்ததை ஊரே பார்த்தது, அவனைத் தேடிய நாலு பேரைத் தவிர. சாத்தாத கதவு வழியாக அவன் உள்ளே போய் நின்றான். உலகம்மாள் பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். வயசைக் கேட்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. "எய்யா, எங்கல போயிருந்த இம்புட்டு நேரம்?" என்றாள். தட்டு கவிழ்ந்து புகையிலைத் தூள் வீடெல்லாம் பரவியது. வந்து நின்றவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டே அழுதார்கள்.

சலூனில் நாலு பேரும் வரிசையாகக் கண்ணாடிக்கு முன் நின்றார்கள். கடமை என்று வந்தபின் நேர்ச்சை குறுக்கே நிற்கக் கூடாது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"பையனைக் காணோம்" என்றார் தானியேல். "ஆனா நாலு பேரு நிக்கானுவ."

"பிள்ளையைப் பிடிச்சிட்டுப் போன கூட்டம்" என்றார் பூலித்துரை மெதுவாக. "வே, அதுல ஒருத்தன் உம்ம மாதிரியே வேஷம் போட்டிருக்கான். இன்னொருத்தன் மாசானம் மாதிரி. ஓரத்துல உள்ளவன் காந்திமதி மாதிரி. நடுவுல நிக்கான் பாரும் ஒரு கிழவன், அவன் மட்டும் சொந்த மூஞ்சியோட வந்திருக்கான். முழியைப் பாரும், திருட்டு முழி!"

"இல்ல அண்ணாச்சி, நடுவுல உள்ளவன் உங்க வேஷம்லா. சொந்த மூஞ்சி இந்த வழுக்கத் தலையன்தான்" என்று தானியேல் தன் எதிரே காட்டினார். மாசானம் தன் எதிரே நின்ற பல் இல்லாத ஒருவனைக் காட்டினார். காந்திமதிநாதன் மூன்று பேர் சொன்னதும் சரி என்றார்.

"அண்ணாச்சி, அது நீங்கதான்" என்றார் சலூன்காரர் பேச்சிமுத்து.

பூலித்துரை சிரித்துவிட்டார். "எனக்கு முப்பத்தாறு வயசுவே. மீசை கரேல்னு இருக்கும்." கடைசியாகக் கண்ணாடி பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. பேச்சிமுத்து கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கருத்து வேறுபாடு வந்தால் தலைவர் சொல்வதே முடிவு என்பது குழுவின் விதி. மறுநாள் காலையில் மில் சுவரில் பழைய நோட்டீசின் பக்கத்தில் புதுசு ஒட்டப்பட்டது. "தேடப்படுகிறான். வயது எழுபது இருக்கும். வெள்ளைத் தாடி. புருவத்தில் மாவு. திருட்டு முழி. விவரம் தெரிந்தவர்கள் மாவு மில் பூலித்துரையிடம் நேரில் சொல்லவும்."

முதலில் வந்தவள் உலகம்மாள், மகன் கையைப் பிடித்துக்கொண்டு. "எம்பிள்ள எனக்குப் போட்ட கார்டைக் குடுங்க அண்ணாச்சி" என்றாள்.

"கை படக் கூடாது தாயி, அதிகாரி வந்து..."

அவள் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, இரண்டு கையாலும் கார்டை எடுத்து, முகத்தோடு அழுத்திக்கொண்டாள். தானியேலுக்குக் கண் கலங்கிவிட்டது. ரேகை எல்லாம் போய்விட்டதே.

பிறகு மகன் புது நோட்டீசை அவளுக்கு வாசித்துக் காட்டினான். உலகம்மாள் பூலித்துரையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "இந்த ஆளை எனக்குத் தெரியும். இந்த மில்லுக்குள்ளதான் இருக்கான். இருபத்திரண்டு வருசமா இங்கனதான் உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டுப் பேர் வந்து அதையே சொன்னார்கள். இத்தனை பேர் பொய் சொல்வார்களா? அன்றிலிருந்து பூலித்துரை மில்லை விட்டு அசையவில்லை. கதவுக்குப் பின்னால் உலக்கையோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு வீட்டிலிருந்து அங்கேயே வருகிறது. ரெண்டு ஆள் சாப்பாடு; பிடிபட்டால் அவனுக்கும் பசிக்குமே என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில், "வந்தானா அண்ணாச்சி?" என்று கேட்டார் மாசானம்.

பூலித்துரை உதட்டில் விரலை வைத்து, காலியாகக் கிடந்த ரெண்டு தூக்குவாளியையும் காட்டினார். "சத்தம் போடாதீரும். உள்ளதான் இருக்கான். நான் ஒரு ஆளு சாப்பாடுதான் சாப்பிடுவேன்."