ஒடியத் தெரிந்த முள்

மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது குளிரில் நடந்த கதை.

உயரத்தில் இருந்த ஒரு மலையூரில் கெம்பன் என்றொரு கம்பளி நெய்கிறவன் வாழ்ந்தான். அவன் மனைவி மாசி. அவர்களுக்கு ஒரே மகள், பொம்மி. போன குளிர்காலம் முழுக்க அந்தக் குழந்தை இருமி இருமி மூச்சுக்குத் தவித்தது. இன்னொரு குளிரை அது தாங்காது என்று ஊருக்கே தெரியும்.

அந்த மலைக்கு ஒரு தலைவர் இருந்தார். ஆண்டுதோறும் முதல் பனி விழும் நாளில் ஊரார் நெய்த கம்பளிகளைப் பார்த்து, ஒன்றைத் தமக்கென்று எடுத்துக்கொள்வார். அதை நெய்தவன் வீட்டார் அந்தக் குளிர் முழுவதும் அடிவாரத்தில், வெயில் விழும் ஒரு வீட்டில் தங்கலாம். கெம்பன் வேறு எதையும் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய்விட்டால் பொம்மி பிழைப்பாள்.

அவனிடம் இருந்த ஆட்டுமயிர் ஒரு கம்பளிக்குத்தான் போதும். அதை நன்றாகவே நெய்தான். ஆனால் தறியிலிருந்து இறக்கிய கம்பளி சாக்கைப் போலச் சொரசொரக்கும். அதைக் கூரிய முள்ளால் வார வேண்டும். வாரினால் மேலே மெல்லிய மயிர் எழும்பி நிற்கும். சூடு தங்குவது அந்த மயிருக்குள்தான்.

வாருவதற்கு அவர்களிடம் ஒரு செடி இருந்தது. சீப்பு முள் என்பார்கள். ஓடைக்கரை ஈரத்தில் அது தானாக முளைக்கும். முதல் ஆண்டு தட்டுப் போலத் தரையோடு படுத்துக் கிடக்கும். இரண்டாம் ஆண்டு ஆள் உயரத்துக்குத் தண்டு விடும். எதிரெதிர் இலைகள் தண்டைச் சுற்றி ஒட்டிக் கிண்ணமாகி மழைநீரைப் பிடித்து வைக்கும். உச்சியில் முட்டை போன்ற ஒரு தலை பூக்கும். பூ உதிர்ந்து காய்ந்தால் தலையெல்லாம் வளைந்த முள். விதை சிந்தியபின் செடி செத்துவிடும்.

மாசி அந்தத் தலைகளை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கம்பளியை வாரினாள். நூலில் ஒரு முடிச்சு வந்தால் முள் ஒடியும். மாசி நிறுத்துவாள். முடிச்சை நகத்தால் பிரிப்பாள். வேறு தலையைச் செருகி மறுபடி வாருவாள்.

கெம்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் புள்ள, கம்பளி வாருறியா, முள்ளு எண்ணுறியா? மேல மானத்தைப் பாரு. பனி நாளைக்கோ மறுநாளோ விழுந்துரும்."

"முள்ளு ஒடிஞ்சாத்தானுங்க அங்க முடிச்சு இருக்குன்னு தெரியும்."

"ஒடியுறதெல்லாம் ஒரு கருவியா!" என்று சொல்லிவிட்டு அவன் கொல்லனிடம் ஓடினான்.

கொல்லன் சிரித்தான். "வா மச்சான். பொண்டாட்டி விரட்டிட்டாளா?"

"ஒடியாத முள்ளு ஒண்ணு அடிச்சுக் குடு."

"அடிச்சுத் தாரேன். என் உலையை மூட்டத்தான் சுள்ளி இல்லை. ஓடைக்கரையில காஞ்சு நிக்குதே, அந்த முள்ளுத் தண்டெல்லாம் எனக்கு வேணும். வீட்டுக் கூடையில இருக்கறதையும் சேத்துக் கொண்டா."

கெம்பன் ஓடைக்கரையை ஒரு தண்டு விடாமல் வெட்டினான். கூடையையும் எடுத்துப் போனான். எல்லாம் உலையில் எரிந்தது. அந்த நெருப்பில் இரும்புச் சீப்பு பிறந்தது.

அவன் ஒரு முறை வாரினான். கம்பளி மெத்தென்றது. இரண்டாம் முறை வாரினான். பூனைக்குட்டியின் வயிறு போல் ஆனது. முடிச்சுகள் குறுக்கே வந்தன. இரும்பு நிற்கவில்லை.

"போதுமுங்க," என்றாள் மாசி. "உள்ள நூல் அறுபடுற சத்தம் கேக்குது."

"சும்மா இரு. பொம்மிக்காகத்தான் செய்யறேன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் மாசி கம்பளியிலிருந்து கையை எடுத்தாள். அவன் மூன்றாம் முறையும் வாரினான்.

பனி விழுந்தது. தலைவர் வந்தார். கெம்பனின் கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அடடா!" என்றார். காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். காற்று நுழையவில்லை. கெம்பன் மாசியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு தலைவர் இரண்டு ஆட்களை அழைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னார்.

கம்பளி நடுவில் கிழிந்தது. ஒரு கிழிசல் அல்ல. முடிச்சு இருந்த இடமெல்லாம் வாய் திறந்தது.

"பார்வைக்கு நல்லா இருந்துச்சப்பா," என்று சொல்லிவிட்டுத் தலைவர் அடுத்தவனிடம் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மாசி அழவில்லை. கிழிந்ததைப் பிரித்து, அறுந்த நூலையெல்லாம் முறுக்கிச் சேர்த்தாள். பொம்மியின் இருமலைக் கேட்டுக்கொண்டே இருவரும் மறுபடி நெய்தார்கள். குழந்தைக்கு மட்டும் போதுமான ஒரு சிறு கம்பளி வந்தது. சொரசொரப்பான கம்பளி.

இரும்பால் வார மாசி விடவில்லை. கெம்பன் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினான். அங்கே அந்த ஆண்டு முளைத்தவை மட்டும் தரையோடு படுத்துக் கிடந்தன. ஒன்றிலும் தண்டு இல்லை. அவன் மண்டியிட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் விரலால் தடவிப் பார்த்தான். இன்னும் ஓர் ஆண்டு போனால்தான் அவை எழும். ஊரில் கேட்டுப் பார்த்தான்; யார் கூடையிலும் ஒடியாத தலை மிச்சமில்லை.

வாராத கம்பளியைப் பொம்மிக்குப் போர்த்தினார்கள். அதன்மேல் மாசி தன் சேலையைப் போர்த்தினாள். அதன்மேல் கெம்பன் தானே கவிந்து படுத்தான்.

"அப்பா, குத்துது," என்றாள் குழந்தை. பிறகு குத்துகிறது என்றும் சொல்லவில்லை.

நடுக் குளிரில் அவளைப் புதைத்தார்கள். மண் உறைந்திருந்ததால் குழி வெட்ட ஒரு பகல் ஆனது.

அதன்பின் கெம்பன் யாரிடமும் பிடிவாதம் பிடித்ததில்லை. மாசி எது சொன்னாலும் சரி என்றான். ஆனால் மாசி எதுவும் சொல்வதில்லை.

கேட்டவர்களே, அன்பினால் பிறந்த உறுதியே ஆனாலும், நிற்க வேண்டிய இடத்தில் ஒடிந்து நிற்கத் தெரியாவிட்டால், அது காக்க நினைத்ததையே கிழித்துவிடும்.