கீரையை மூடாமல் வேகவைத்த கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கத்திச் சொன்னால் அந்த அண்ணன் தம்பிகளுக்குக் கேட்டுவிடும். கேட்டால் நமக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள்.

மூத்தவன் சொக்கப்பன். நடுவுள்ளவன் பரமன். இளையவன் புண்ணியக்கோடி, மூவரில் அவன்தான் அறிவாளி. தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் "என்ன?" என்று கேட்பவன் அவன்.

கடைப் புரோட்டா தின்று தின்று சொக்கப்பனுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. "வீட்டிலேயே கீரையும் பருப்பும் ஆக்கிச் சாப்பிடு. காசும் மிச்சம், வயிறும் ஆறும்" என்றார் வைத்தியர். அந்தக் கீரைக்காக, விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வயிற்றில் இடம் பிடித்து வைத்திருந்தான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னாள்: "கீரை வேகும்போது மேலே எதையும் மூடிறாதீங்கடா. பச்சை நிறம் போயிரும்."

சட்டி அடுப்பில் ஏறியது. சொக்கப்பன் அண்ணாந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, மேலே கூரை மூடியிருக்கே!"

"தட்டு போட்டு மூடினாலே நிறம் போகுமாம். இது எம்மாம் பெரிய தட்டு!" என்றான் புண்ணியக்கோடி.

மூவரும் ஏறி ஓலையை மொத்தமாகப் பிரித்துப் போட்டார்கள். வீட்டுக்குள் வெயில் அடித்தது. பரமன் கரண்டியோடு குனிந்தான்.

"டேய், தலையை எடு! உன் தலை மூடுது!"

அவன் தரையில் மல்லாந்து படுத்து, தொரட்டிக் கம்பை நீட்டிக் கிண்டினான். பெரும்பாலும் சாம்பலைத்தான் கிண்டினான்.

அப்புறம் ஒரு கருமேகம் வந்து தலைக்கு மேல் நின்றது.

"அக்கா, இதை யாருகிட்டச் சொல்லி எடுக்கிறது?" சொக்கப்பன் அழாத குறை.

"ஏன், ஏணி போட்டு ஏறி நீயே எடேன்!" என்றாள் பேச்சியக்கா.

பரமன் ஏணி எடுக்க ஓடினான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு 'உஸ்' என்றது.

"நெருப்பு அணையுதுடா! குடையைப் பிடிங்க!" என்று கத்தினான் சொக்கப்பன்.

குடை வந்தது. பிடிக்கத்தான் ஆளில்லை.

"பிடிச்சா கீரை மூடிப்போகும்" என்றான் ஏணியோடு திரும்பி வந்த பரமன்.

"பிடிக்காட்டி அடுப்பு அணைஞ்சுபோகும். எனக்கு உசிரு போகுதுடா!" என்றான் சொக்கப்பன்.

புண்ணியக்கோடி கண்ணை மூடி யோசித்தான். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினான். குடையை விரித்து நெருப்புக்கு மேலே பிடித்தான். குடையின் உச்சியில் கீரைச்சட்டியைத் தூக்கி வைத்தான்.

"அடுப்பும் நனையலை, கீரையும் மூடலை. இப்ப நல்லா ஊதுண்ணே!"